ஈரல்குலைப் பங்கு

தபசு காலம் பிறப்பதற்கு முந்தின நாளில் மிக்கேல்பட்டிக்காரர்கள் தின்கிற கறிக்குக் கணக்கு வழக்கே கிடையாது. மறுநாள் விபூதிப் புதன், கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தபசு தொடங்குகிற நாள். சாமியார் நெற்றியில் சாம்பலை வைத்துவிட்டாரென்றால் அப்புறம் ஏசு உயிர்த்த பாஸ்காத் திருநாள் வரைக்கும் கறியும் இல்லை, கல்யாணமும் இல்லை. ரெண்டையும் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். அன்றைக்கு ஊரில் கிடாயும் ஓடும், மாப்பிள்ளையும் ஓடுவான். பிடித்துக் கட்டுகிறவர்கள் கெட்டிக்காரர்கள்.

மதலேனாள் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தாள். மகள் சந்தனம்மாளுக்காக ஊர் ஊராக விசாரித்துப் பிடித்த மாப்பிள்ளை. பேர் சந்தியாகு. மலைக்கு மேலே பெரியாற்றை மறித்து வெள்ளைக்காரன் அணை கட்டிக்கொண்டிருந்தானே, அங்கே கொத்துவேலை. சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல்தூளும் குழைத்துக் கல் அடுக்குகிற ஆள். பெண் பார்க்க வந்த இடத்திலேயே அடுப்பங்கரைச் சுவரின் விரிசலைப் பார்த்துவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் மண் குழைத்துப் பூசிவிட்டுப் போனான். சந்தனம்மாள் அந்தச் சுவரை அன்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா என்ன.

ஆனால் மறுநாள் விடிவதற்குள் சந்தியாகு குமுளி ஏற்றம் ஏறி வேலைக்குத் திரும்பியாக வேண்டும். மேலே காய்ச்சல் மாசம் தொடங்குகிற நேரம். அணை வேலைக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். சிலர் இறங்கவேயில்லை. இன்றைக்குத் தாலி ஏறாவிட்டால் பாஸ்கா கழிந்துதான் ஏறும். அதுவரைக்கும் அவன் நல்லபடியாக இருக்க வேண்டும், அவன் அப்பன் மரிய சூசையின் மனசு மாறாமல் இருக்க வேண்டும், மஞ்சள் பூசி உட்காரவைத்த பிள்ளை பந்தலோடு நின்றுபோனாள் என்று ஊர் பேசாமல் இருக்க வேண்டும். இது எதுவும் நடக்காதென்று மதலேனாளுக்கு நன்றாகத் தெரியும்.

இதில் சாமியார் விவகாரம் வேறு. பூசை வைக்கிறவரைக்கும் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. உச்சிக்கு மேலே பூசையும் வைக்கக் கூடாது. மட்டக்குதிரையில் முந்தின நாளே வந்து இறங்கிவிட்ட அந்தப் பரங்கிச் சாமியார், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயைக் கட்டிக்கொண்டு கோயில் அறையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பசி வந்தால் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் ஊருக்கே கடினமாகிவிடும்.

அதனால் மதலேனாள் கோழி கூவுவதற்கு முன்னாலேயே எழுந்து அத்தனையும் வரிசையாகத் தொடங்கியிருந்தாள். பந்தலுக்குப் பின்னால் மூன்று அடுப்பு. ஒன்றில் சோற்றுக்கு உலை. அம்மியில் ரெண்டு பொம்பளைகள் மாற்றி மாற்றி மல்லியும் மிளகும் சீரகமும் அரைத்தார்கள். சின்ன வெங்காயம் உரிக்கிற கூட்டம் கண்ணீர் விட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசியது. மேகமலைப் பக்கம் பனி இறங்கிக் கிடந்தது. அறுப்பு முடிந்த வயலிலிருந்து ஈரவைக்கோல் வாடை வந்தது. உத்தமபாளையத்திலிருந்து சிக்கந்தர் ராவுத்தர் ரெண்டு கத்தியும் சாணைக்கல்லுமாக விடியும் முன்னே வந்துவிட்டார். மிக்கேல்பட்டியில் மட்டும் அன்றைக்கு அவருக்கு இன்னும் மூன்று வீட்டில் கிடாய் காத்திருந்தது.

ராவுத்தர் வேலையை உட்கார்ந்து பார்க்கலாம். ஓதி அறுத்து, புளியங்கொப்பில் தலைகீழாகக் கட்டி, தோலுக்கும் சதைக்கும் நடுவே முஷ்டியை விட்டுத் தள்ளித் தள்ளி உரிப்பார். தோலில் ஒரு கீறல் விழாது. கடைசியில் நெஞ்சுக்கூட்டுக்குள் கையைவிட்டு ஒரே இழுப்பு. மூச்சுக்குழலோடு நுரையீரலும், நெஞ்சு என்கிற இருதயமும், ஈரலுமாகக் குலை முழுசாக வெளியே வந்துவிடும். அதைக் கொண்டுவந்து பந்தல்காலில் தொங்கவிட்டார். ஆவி பறந்தது.

மதலேனாளின் புருஷன் சவரியப்பன் வகையறாவில் ஒரு வழக்கம். பெண் கோயிலுக்குக் கிளம்புமுன் ஈரல்குலையைப் பங்கு வைக்க வேண்டும். ஈரல் சம்பந்தி வீட்டுக்கு. நெஞ்சு பெண்ணின் தாய்மாமனுக்கு. நுரையீரல் அப்பன்கூடப் பிறந்த அத்தைக்கு. பிள்ளைக்குத் தாய்மாமன் நெஞ்சாம், அத்தை மூச்சாம். தேக்கிலையில் பங்கைக் கையில் வாங்கினால்தான் மாமன் பெண்ணின் கையைப் பிடித்துக் கோயிலுக்கு நடத்துவான், அத்தை தாலித்தட்டைத் தூக்குவாள். பங்கு குறையில்லாமல் முழுசாக இருக்க வேண்டும். குறைப்பங்கு வாங்கினால் பிள்ளைக்கு ஆகாது.

இதை ஏற்படுத்தினவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை. அந்த வகையறாவில் பெண்ணைக் கொடுத்துப் பெண்ணை எடுப்பார்கள். தாய்மாமன் பெண்டாட்டிதான் அத்தை. நெஞ்சும் நுரையீரலும் சேர்ந்தபடி ஒரே இலையில் விழும், ஒரே சட்டியில் வேகும், ஒரே பாயில் உட்கார்ந்து புருஷனும் பெண்டாட்டியும் தின்பார்கள். குலையை நடுவில் எங்கே வெட்டுவதென்று கேட்க ஒருத்தருக்கும் வாய்ப்பில்லை.

மதலேனாள் காலத்தில்தான் அது கெட்டது. அவளைச் சவரியப்பனுக்குக் கட்டியபோது, சவரியப்பனின் தங்கச்சி செபஸ்தியம்மாளை மதலேனாளின் அண்ணன் தொம்மைக்குக் கட்டுவதாகத்தான் பேச்சு. மதலேனாள் கல்யாணத்தன்று தொம்மை வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வரப்பில் மிடுக்காக நடந்து வந்தான். வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தான். செபஸ்தியம்மாள் சிரித்த சிரிப்பு அடுத்த ஊருக்குக் கேட்டது. பல்லைக் காட்டுகிற பொட்டச்சி எனக்கு வேண்டாம் என்றான் அவன். நிற்கத் தெரியாதவன் எனக்கும் வேண்டாம் என்றாள் அவள். ஆளுக்கொரு பக்கம் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். பேதி வந்த வருசத்தில் அவன் பெண்டாட்டியும் போனாள், இவள் புருஷனும் போனான். அந்தத் துஷ்டி வீடுகளில்கூட ஒருத்தரோடு ஒருத்தர் பேசவில்லை. பேச வேண்டியது ஏதாவது இருந்தால் மதலேனாளிடம் சொல்வார்கள். மூன்று பேரும் ஒரே பந்தலில் முழங்கையிடிக்க நின்றாலும் சரி, அவள் வழியாகத்தான்.

ஈரலை அறுத்துச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. ராவுத்தர் கத்தியைச் சாணையில் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் குலையைப் பிடித்தார். பிடித்தவர் நின்றுவிட்டார்.

"தாயி, எங்கன வெட்ட?"

"அண்ணனுக்கு நெஞ்சு, செபஸ்திக்கு நொரையீரலு. அதுக்குத் தோதா வெட்டுங்க ராவுத்தரே."

"அது சரி. நடுவுல இந்தா இருக்கே, இந்தக் கொழாயெல்லாம் ஆரு பக்கம்?"

மதலேனாள் அப்போதுதான் பார்த்தாள். ரெண்டு நுரையீரலுக்கும் நடுவில் நெஞ்சு சாய்ந்து தொங்கியது. அதைச் சும்மா ஒட்டவைத்திருக்கவில்லை. பின்னாலிருந்து வெள்ளையும் நீலமுமாகக் குழாய்கள் புறப்பட்டு நுரையீரலுக்குள் ஓடின. ஒன்று கட்டைவிரல் தடிமன், மற்றதெல்லாம் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் மெலிசு. கத்தியை நெஞ்சோடு ஒட்டி வைத்தால் குழாய்கள் அத்தனையும் நுரையீரலோடு போய்விடும். நுரையீரலோடு ஒட்டி வைத்தால் நெஞ்சோடு போய்விடும். அவள் எத்தனையோ குலையைக் கழுவி நறுக்கியிருக்கிறாள். நடுவில் ஒரு எல்லைத் தகராறு கிடக்கிறதென்று நினைத்ததேயில்லை.

தொம்மை தொண்டையைச் செருமினான். "மதலே, ராவுத்தர்கிட்டச் சொல்லு. கொழாய் நெஞ்சோட சேந்தது. கொழாய அறுத்துட்டு ஓட்டையும் கீட்டையுமா ஒரு நெஞ்ச ஏந்திக்கிட்டு நான் கோயிலுக்கு வரமாட்டேன்."

"மதினி, ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லுங்க," என்றாள் செபஸ்தியம்மாள், அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "கொழாயப் புடுங்கிட்டா நொரையீரலு கந்தலாகிப் போகும். மூச்சுப் பங்கு அது. பிள்ளைக்கு மூச்சு முட்டுனா அவுகளா பதில் சொல்லுவாக?"

மதலேனாள் வழியாகவே பேச்சு நீண்டது. கூடியிருந்தவர்களும் ரெண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தவர்கள் குழவியை விட்டுவிட்டு வந்தார்கள். ராவுத்தர் நடுக்குழாயில் வெட்டி ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்ளச் சொன்னார். பாதிக் குழாய் என்றால் ரெண்டு பங்குமே குறைப்பங்கு, பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் ஆகாது என்று ரெண்டு பேரும் மறுத்தார்கள். அதில் மட்டும் ஒற்றுமை. இன்னொரு கிடாயை அறுத்து ஆளுக்கொரு குலையாகக் கொடுத்துவிடலாமே என்றார் ஒருவர். அந்தக் குலையில் ஈரலும் மிச்சம் வருகிறதே, அது யாருக்கு என்று வேறொருவர் கேட்க, அங்கே ஒரு கிளைச்சண்டை முளைத்தது.

மதலேனாள் புருஷனைத் தேடினாள். தங்கச்சியை அதட்டவோ மச்சானைக் கெஞ்சவோ வேண்டியவன் அவன்தான். சவரியப்பன் நல்ல மனுஷன், ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் அவனுக்கு உடனே மாட்டுக்குத் தண்ணீர் காட்டாதது ஞாபகம் வந்துவிடும். அன்றைக்கு அந்த மாடு குடித்த தண்ணீரில் ஒரு குழி நெல் விளைந்திருக்கும்.

சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கிற கோயில் உபதேசியார் வந்து நின்றார். சாமியார் பூசை உடுப்பு மாட்டிவிட்டாராம். பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே என்று கேட்கிறாராம். இந்தா வந்துவிட்டோம் என்று மதலேனாள் அனுப்பிவைத்தாள். வெயில் பந்தல்காலின் பாதிக்கு ஏறியிருந்தது.

மாப்பிள்ளை வீட்டாரோடு ஒரு டிரெசர் வந்திருந்தார். பேர் ஆதித்தன், திருநெல்வேலிப் பக்கம். அணை வேலைக் கொட்டகையில் காய்ச்சல்காரர்களுக்கு மருந்து கொடுக்கிறவர். சந்தியாகுவைக் காய்ச்சலிலிருந்து ஒரு தடவை எழுப்பி உட்காரவைத்தவர் என்று அவருக்குத் தனி நாற்காலி போட்டிருந்தார்கள். சண்டையைக் கேட்டதும் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து எழுந்தார். பட்டணத்தில் மனுஷக் குலையையே அறுத்துப் பார்த்துப் படித்தவராம். இது தனக்குத் தெரிந்த விஷயம் என்று அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து மதலேனாளுக்கு உயிர் வந்தது. படித்தவர் சொன்னால் ரெண்டு பேரும் கட்டுப்படுவார்கள். அப்படித்தான் பாவம் நினைத்தாள்.

அவர் ஒரு பூவரசங்குச்சியை ஒடித்துக்கொண்டு குலையருகே போனார்.

"நெஞ்சுங்கிறது ஒரு ஏத்தம் மாதிரி. ஓயாம ரத்தத்த எறச்சுக்கிட்டே இருக்கும். ஒடம்பெல்லாம் சுத்திக் கறுத்துப்போன ரத்தம் நெஞ்சுக்கு வருதா? இந்தா, இந்தத் தடிச்ச கொழாய். இது நெஞ்சுல பொறப்பட்டு ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு நொரையீரலுக்கும் போகுது. கறுத்த ரத்தம் இது வழியாத்தான் போகும். அங்க மூச்சுக் காத்து பட்டுச் செவக்கும். செவந்த ரத்தம் இந்த மெலிசுக் கொழாய்க வழியாத் திரும்ப நெஞ்சுக்கு வரும். ஆக, போற கொழாய் ஒண்ணு, வர்ற கொழாய் நாலு."

கூட்டம் அசந்துபோயிற்று. கமலையும் ஏத்தமும் இறைத்துப் பழகிய ஆட்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. ஒரு கிழவர் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்து, ஆமாம் இறைக்கிறது என்றார். டிரெசர் இதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"அப்போ எது எங்கன பொறக்குதோ அது அந்த வீட்டுச் சொத்து. சரிதான டிரெசரே?" என்று தொம்மை கேட்டான்.

"அப்படியும் சொல்லலாம்," என்றார் டிரெசர்.

தடித்த குழாய் தன்னுடையது என்ற சந்தோஷத்தில் தொம்மை மீசையைத் தடவினான். செபஸ்தியம்மாள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மதினி, அவுக சொன்னதுக்கு நான் சம்மதமின்டு சொல்லுங்க. நெஞ்சுல பொறந்தது ஒண்ணு, அவுகளே வச்சுக்கிறட்டும். நொரையீரல்ல பொறந்தது நாலு. அது நாலும் எனக்கு."

தொம்மையின் கை மீசையிலேயே நின்றது. கூட்டம் சிரித்தது. அவனுக்கு முகம் சிவந்தது.

"மதலே, பொறந்த எடத்த வச்சு எவனாச்சும் கணக்குப் பாப்பானா? போய்ச் சேர்ற எடந்தேன் சொந்த எடம். நாலு கொழாய் நெஞ்சுக்கு வந்து சேருது. வந்து சேந்தது எங்க சொத்து."

அவன் நெஞ்சைப் பற்றித்தான் சொன்னான். ஆனால் பந்தலில் சம்பந்தி மரிய சூசை உட்கார்ந்திருந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து, பொண்ணு வீட்டு மாமனே வாயால் சொல்லிவிட்டார், எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். போய்ச் சேர்கிற இடந்தான் சொந்தம். ஆகையால் இன்றைக்கு வாசல் தாண்டினால் பெண் தன் வீட்டுச் சொத்து. தலைப்பிரசவத்துக்கு அனுப்பு, திருநாளுக்கு அனுப்பு என்று இவர்கள் வந்து நிற்கக் கூடாது.

பெண் வீட்டார் கொதித்துப்போனார்கள். தொம்மையைப் பார்த்து, நீ மாமனா அல்லது அந்த வீட்டு வக்கீலா என்று கேட்டார்கள். செபஸ்தியம்மாள் குரல் அத்தனை குரலுக்கும் மேலே ஏறியது. பிறந்த இடந்தான் சொந்தம், எங்கே போனாலும் எங்கள் வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளைதான் என்றாள். மரிய சூசை கேட்டார்:

"அப்பிடியின்னா நாங்க இப்ப எதுக்கு வந்துருக்கோம்? ஒங்க வீட்டுப் பிள்ளைய ஒங்க வீட்டுலயே வச்சுக்கிருங்க."

அதைச் சொன்னபோது அவர் தோளிலிருந்த துண்டை உதறினார். துண்டை உதறினால் கிளம்பப்போகிறார் என்று அர்த்தம். டிரெசர் இன்னும் ஒன்றை விளக்கலாமா என்று வாயைத் திறந்தார். சந்தியாகு அவர் கோட்டைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அப்பனைப் பார்த்துக் கைகூப்பினான். அப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உபதேசியார் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை ஓடி வந்தார். சாமியார் கோயில் வாசலில் நின்று நிழலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். குச்சி நிழல் இன்னும் ஒரு முழந்தான் இருக்கிறதாம். அது காலடிக்கு வந்துவிட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன் என்று சொன்னாராம்.

மதலேனாள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். சந்தனம்மாள் தலையில் முக்காடும் கழுத்தில் மாலையுமாக அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சுவரில் பூசின இடத்தை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் பெற்றவளுக்கு அழுகை வந்தது. அடுத்த நிமிஷமே அது கோபமாக மாறியது. காலையிலிருந்து அண்ணனுக்கும் நாத்தனாருக்கும் நடுவில் அங்கும் இங்கும் பேச்சைச் சுமந்து அவள் தொண்டை வறண்டு கிடந்தது. ரெண்டு பேருக்கும் நடுவில் இத்தனை வருசமாகக் கிடக்கிற குழாய் தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

பந்தலுக்கு வந்தாள். சோறு வடித்துக் கொட்டுகிற பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து ஒரு தேக்கிலையை விரித்தாள். ராவுத்தர் கையிலிருந்து குலையைப் பிடுங்கி முழுசாக அதில் வைத்தாள்.

"வெட்ட வேணாம் ராவுத்தரே. கத்தியக் கழுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்க."

ராவுத்தர் அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு ரெண்டு கத்தியையும் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். போகிறபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணே, இந்தப் பக்கம் புடிங்க. நெஞ்சு ஒங்க பக்கம் இருக்கு. செபஸ்தி, நீ அந்தப் பக்கம் புடி. நொரையீரலு ஒம் பக்கம். பங்கக் கையில வாங்கணும்ன்டுதேன் வழக்கம், வெட்டித்தேன் வாங்கணும்ன்டு எவனும் சொல்லி வைக்கல. வாங்கியாச்சுல்ல? முழுப்பங்கா வாங்கியாச்சுல்ல? இனிமே ஒத்த வார்த்த பேசுனா நான் அரிவாமணைய எடுத்துருவேன். சம்பந்தி, துண்டத் தோள்ல போடுங்க. எம்பிள்ள எங்க வீட்டுலயும் இருப்பா, ஒங்க வீட்டுலயும் இருப்பா. ரெண்டு எடத்துலயும் சோறு இருக்கு."

மதலேனாள் அப்படிப் பேசி அந்த ஊர் கேட்டதில்லை. சம்பந்தி துண்டைத் தோளில் போட்டார். தொம்மை தாம்பாளத்தின் விளிம்பை ஒரு கையால் பிடித்தான். விட்டால் செபஸ்தியம்மாள் முழுசையும் கொண்டுபோய்விடுவாள் என்ற பயம். செபஸ்தியம்மாள் மறு விளிம்பைப் பிடித்தாள். அவளுக்கும் அதே பயம். தொம்மையின் இன்னொரு கையில் சந்தனம்மாள் கை. செபஸ்தியம்மாளின் இன்னொரு கையில் தாலித்தட்டு. கொட்டுக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். மாலையும் முக்காடுமாகப் பெண்ணும், அவளுக்கு முன்னே ரத்தம் சொட்டுகிற குலையும், அதைச் சுற்றி ஈயும், தலைக்கு மேலே காக்காயும், பின்னால் ஊர் நாய்களுமாக அந்த ஊர்வலம் கோயில் தெருவில் போனது. அதற்கு முன்னாலும் அப்படி ஒரு ஊர்வலம் அங்கே போகவில்லை, பிறகும் போகவில்லை. சாமியாரின் நிழல் நினைப்பில் எல்லாரும் பாதி ஓட்டமாகப் போனார்கள். தாம்பாளம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டதே தவிரக் கவிழவில்லை.

சாமியார் தமிழைப் புத்தகத்தில் படித்தவர். வாசலை மறித்து நின்றுகொண்டு கேட்டார்.

"இது யாது?"

உபதேசியார் காதோடு காதாகச் சொன்னார். சாமியார் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெறும் வயிற்றோடு நின்ற மனுஷனுக்கு அது எப்படி இருந்திருக்கும்.

"மாமிசம் ஆலயத்தினுள் வரலாகாது. நேற்று இரவு முதல் யாம் ஒன்றும் புசிக்கவில்லை. மணமக்கள் மாத்திரம் உடனே வருக."

தாம்பாளத்தை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். வைக்க ரெண்டு பேரும் தயாரில்லை. ஒருத்தர் உள்ளே போனால் மற்றவர் குலையோடு வீட்டைப் பார்க்க நடந்துவிடுவார் என்று சந்தேகம். நாய்களும் வட்டமடித்துக்கொண்டிருந்தன. மணி அடித்தாயிற்று. மதலேனாள் தாலித்தட்டை நாத்தனார் கையிலிருந்து வாங்கினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்த சவரியப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவன் கையில் மகளின் கையைத் திணித்தாள். மாமனும் அத்தையும் கோயிலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில், ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்தபடி நின்றார்கள்.

பூசை நடந்தது. மதலேனாள் ஜன்னலோரம் முழங்காலில் இருந்தாள். லத்தீன் ஒன்றும் புரியாவிட்டாலும் சாமியார் அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாக ஓதுகிறார் என்பது புரிந்தது. சந்தியாகுவும் சந்தனம்மாளும் பீடத்துக்கு முன்னால் நின்றார்கள். சம்மதமா என்று சாமியார் கேட்டார். சந்தனம்மாள் பதில் சொல்ல வாயெடுத்த அந்த அமைதியில் ஜன்னலுக்கு வெளியேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"காக்காய ஓட்டு."

தொம்மையின் குரல். அங்கே மதலேனாள் இல்லை, சொல்லியனுப்ப வேறு ஆளும் இல்லை.

"ஒங்க தோள்ல ஒக்காந்துருக்கிறத நீங்க ஓட்டுங்க. எனக்கு ஒரு கைதேன் இருக்கு."

சந்தனம்மாள் சம்மதம் என்றாள். மதலேனாளுக்கு எதைக் கேட்பது, எதற்கு அழுவது என்று தெரியவில்லை. தாலி ஏறியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காதை ஜன்னல் பக்கம் வைத்தாள். கை வலிக்கிறதா என்று தொம்மை கேட்டதும், எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள்தான் எத்தனை நாளாய்ச் சரியாகச் சாப்பிடாமல் இப்படி எலும்பாய்ப் போயிருக்கிறீர்கள் என்று செபஸ்தியம்மாள் கேட்டதும் காதில் விழுந்தது. தானே பொங்கித் தின்பதாகவும், புளிக்குழம்பு மட்டும் கைகூடி வரவில்லை என்றும் தொம்மை சொன்னான். புளியை எப்போது கரைத்து ஊற்றுகிறான் என்று அவள் விசாரித்தாள். அதற்குமேல் கேட்கவிடாமல் பாட்டுக்காரர்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டுக்கு நடுவில் நாய்கள் குரைத்தன. யாரோ கத்தினார்கள். திரும்பிப் பார்க்கவிடாமல் உபதேசியார் முறைத்தார்.

பூசை முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்தபோது நிழல் காலடிக்கு வந்திருந்தது. தொம்மையும் செபஸ்தியம்மாளும் வேப்ப மரத்தடியில் அதே இடத்தில் நின்றார்கள். தாம்பாளமும் ரெண்டு பேர் கையிலும் இருந்தது. அதில் தேக்கிலை மட்டும் கிடந்தது. அறுத்த வயலுக்கு அப்பால் செவலை நாயொன்று குலையைக் கவ்விக்கொண்டு ஓடியது. வாயில் நெஞ்சு. பின்னால் ரெண்டு நுரையீரலும் வைக்கோல்தாளில் புரண்டு இழுபட்டுப் போயின. நாலைந்து ஆட்கள் துரத்தினார்கள். நாய் கரை ஏறி மறைகிறவரைக்கும் அது ஒன்றாகத்தான் போயிற்று.

"ஆரு விட்டது?" என்றாள் மதலேனாள்.

"நாந்தேன்," என்றான் தொம்மை. "கை வழுக்கிருச்சு. அவ மேல தப்பில்ல."

"பொய் சொல்றாக மதினி. நாந்தேன் பராக்குப் பாத்துட்டேன். நாய் எம் பக்கந்தேன் வந்துச்சு."

"ஒம் பக்கம் எங்க வந்துச்சு? என் முழங்காலுக்குள்ள பூந்துல்ல வந்துச்சு."

"நாங் கண்ணால பாத்தேன்ங்கிறேன். ஒங்களுக்கு என்ன தெரியும், நீங்க புளிக்கொழம்பப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீக."

டிரெசர் குறுக்கே வந்து ஏதோ சொல்லப்போனார். சந்தியாகு மாலையோடு போய் அவரை அப்பால் கூட்டிக்கொண்டு போனான். கூட்டம் சாப்பாட்டுக்குக் கிளம்பியது. சாமியார் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். சந்தனம்மாள் சந்தியாகுவின் நிழலை மிதித்துவிடாமல் அவன் பக்கத்தில் நடந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க மதலேனாளுக்கு வயிறு குளிர்ந்தது. இனி மலைக்குப் போனாலும் அவன் திரும்பி வர ஒரு வீடு ஆயிற்று.

வேப்ப மரத்தடியில் சண்டை ஓய்கிற மாதிரி இல்லை. தப்பு தன்னுடையதுதான் என்று ரெண்டு பேரும் சாதித்துக்கொண்டிருந்தார்கள். நாய் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தக் காலைத் தாண்டியது என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது. மதலேனாளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை ரெண்டு பேரும் மறந்தே போனார்கள். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, நூறு பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், சோறு வடித்துக் கொட்ட வேண்டும், அந்தத் தாம்பாளத்தையாவது கொடுங்கள் என்று கேட்டாள்.

ரெண்டு பேரும் விடவில்லை.